சோழர் பிடித்த ஊரும் பனையேறி பிடித்த கோட்டையும்

ஐதராபாத்தில் இருந்து ஒரு நாள் பயணம்

ஐதராபாத்துக்கு வந்து பத்து, இருபது ஆண்டுகள் ஆன தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள். சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங் மியூசியம், உசேன் சாகர் ஆகியவற்றை ஊரில் இருந்து விருந்தாளி வரும்போதெல்லாம் சுற்றிக் காட்டி அலுத்துப் போயிருப்பார்கள். அதற்கு அப்பால் என்றால் யாதகிரிகுட்டா. நரசிம்மரைத் தரிசித்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு அன்று மாலையே வீடு திரும்பி விடுவார்கள்.

யாதகிரிகுட்டா போகும் வழியிலேயே ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. அதையும் தாண்டிச் சற்றுத் தொலைவு போனால், ராஜேந்திர சோழன் வென்றதாக அவனுடைய கல்வெட்டுகள் சொல்லும் பழைய ஊர் ஒன்று வருகிறது. இரண்டுக்கும் இடையே பனையும் ஈச்ச மரமும் நிறைந்த கிராமங்கள். பரம்பரை பரம்பரையாகக் கள் இறக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன.

இத்தாலி, பிரான்சு போன்ற நாடுகளில் மலைமேல் இருக்கும் பழைய கோட்டை ஊரையும், ஒரு குடும்பத்தார் நடத்தும் திராட்சை மதுத் தோட்டத்தையும் ஒரே நாளில் காட்டி அனுப்பும் பயணங்கள் பெயர் பெற்றவை. கடல் தாண்டிப் போக நமக்கு வசதி இல்லை. செகந்திராபாத்தில் ரெயில் ஏற வசதி இருக்கிறதே!

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்படிப் புறப்பட்டோம். கூட வந்தவர் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். உடன்குடிப் பக்கத்து ஊர்க்காரர். அதிகம் பேசாதவர். "கோட்டை பார்க்கலாம், வாருங்கள் சார்" என்று மட்டும்தான் அவரை அழைத்தேன். கடைசியில் அந்த நாள் அவருடைய நாளாக ஆகிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சோழர் வீட்டு மாப்பிள்ளை கட்டிய கோட்டை

செகந்திராபாத் - காசிப்பேட்டை ரெயில் பாதையில் உள்ளது போங்கீர். ஐதராபாத்தில் இருந்து ஏறக்குறைய 47 கிலோ மீட்டர். 2016-ல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பிறகு இது யாதாத்ரி புவனகிரி மாவட்டத்தின் தலைநகர். காலை வண்டியில் போய் இறங்கியதுமே கோட்டை கண்ணில் படுகிறது. மலை என்று சொல்வதை விட ஒரே பாறை என்று சொல்வதே சரி. முட்டை வடிவத்தில் 500 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த திருச்சிக்காரர்கள் இதைப் பார்த்தால் மலைத்துப் போவார்கள்.

மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் கட்டியது இந்தக் கோட்டை. 1076-ல் பட்டத்துக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆண்டவன் அவன். திரிபுவனமல்லன் என்பது அவனுடைய பட்டப் பெயர். அதனால் மலைக்குத் திரிபுவனகிரி என்று பெயர் வந்தது. அது புவனகிரி ஆகி, பிறகு பேச்சு வழக்கில் போங்கீர் ஆயிற்று. வீரராஜேந்திர சோழனின் மகளை மணந்தவன் இந்த விக்கிரமாதித்தன். ஆக, நம் சோழர் வீட்டு மாப்பிள்ளை கட்டிய கோட்டை இது. மாப்பிள்ளை என்றாலும் மாமனார் வீட்டோடு சண்டைக்குக் குறைவில்லை. முதலாம் குலோத்துங்கனுக்கும் அவனுக்கும் நெடுங்காலம் பகை இருந்தது.

படிகள் முதலில் சுலபமாக இருக்கின்றன. போகப் போகப் பாறையிலேயே செதுக்கிய படிகள். சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. வாசல், கொத்தளம், குதிரை லாயம், பாறையில் தேங்கிய நீர்ச்சுனைகள் எல்லாம் வழியில் வருகின்றன. மேல் பரப்பு 40 ஏக்கர் என்கிறார்கள். உச்சியில் பாலா ஹிஸ்ஸார் என்ற மாளிகையின் சுவர்கள் நிற்கின்றன. சாளுக்கியருக்குப் பின் காகதீயர் காலத்தில், ராணி ருத்ரமதேவியோடும் அவளுடைய பேரன் பிரதாபருத்திரனோடும் இந்தக் கோட்டை சேர்த்துப் பேசப்படுகிறது.

நாங்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது, பாறையின் ஒரு பக்கத்தில் சில பிள்ளைகள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். இங்கே மலையேற்றப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. 2014-ல் தன் 13-வது வயதில் எவரெஸ்ட் சிகரம் ஏறிய மாலாவத் பூர்ணா பயிற்சி பெற்றது இந்தப் பாறையில்தான். நிஜாமாபாத் பக்கத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த பெண் அவர்.

கோட்டைக்குள் புகுந்த பனையேறி

இந்தக் கோட்டையின் கதையில் மன்னர்களை விட எனக்குப் பிடித்தவன் வேறு ஒருவன். சர்வாயி பாப்படு என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சர்தார் சர்வாய் பாப்பண்ணா கௌட் என்று தெலங்கானா மக்கள் கொண்டாடுகிறார்கள். கள் இறக்கும் குலத்தில் பிறந்தவன். மரம் ஏறும் தொழிலை விட்டுவிட்டு ஆள் சேர்த்தான். இன்றைய ஜனகாம் மாவட்டத்தில் ஷாப்பூர் என்ற ஊரில் சொந்தமாகக் கோட்டையே கட்டினான். 1708-ல் வாரங்கல் நகரத்தைத் தாக்கினான். 1709-ல் இதே போங்கீரில் புகுந்தான். மொகலாயப் படை விரட்டிப் பிடித்து, 1710-ல் அவனைக் கொன்றது.

மொகலாயர் காலத்து எழுத்தாளர்கள் அவனைக் கொள்ளைக்காரன் என்றே எழுதி வைத்தார்கள். ஊரைச் சூறையாடியவன், மக்களைப் பிடித்துப் போனவன் என்ற புகார் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் கிராமத்துப் பாடகர்கள் முன்னூறு ஆண்டுகளாக அவனை வீரன் என்று பாடி வருகிறார்கள். இன்று மாநில அரசே அவனுடைய பிறந்த நாளை விழாவாக நடத்துகிறது.

இந்தக் கதையை உச்சியில் உட்கார்ந்து நண்பருக்குச் சொன்னேன். "மரம் ஏறுகிறவனா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. கீழே சமவெளியில் வரிசையாகத் தெரிந்த பனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளிப்பாக்கை

போங்கீரில் இருந்து பஸ் பிடித்து ஆலேர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறேழு கிலோ மீட்டர் போனால் கொலனுபாக்கா. குல்பாக் என்றும் சொல்வார்கள்.

முதலாம் ராஜேந்திர சோழன் வென்ற இடங்களை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் வனவாசி, மண்ணைக்கடக்கம் ஆகியவற்றோடு கொள்ளிப்பாக்கை என்ற பெயரும் வருகிறது. கோட்டை மதிலோடு இருந்த அந்த ஊர் இதுதான் என்பது சரித்திர ஆசிரியர்களின் முடிவு. அவனுடைய மகன் ராஜாதிராஜன் மறுபடியும் படையெடுத்து வந்து இதற்குத் தீ வைத்ததாக அவனுடைய கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தமிழன் இங்கே வாளோடு வந்தான். நாமோ டிபன் பாக்சோடு வந்திருக்கிறோம். நம் வருகையால் யாருக்கும் நஷ்டம் இல்லை!

இன்றைக்குக் கொலனுபாக்கா அமைதியான சிற்றூர். சோமேசுவரர் கோயில் சாளுக்கியர் காலத்தது. வீரசைவர்களின் ஆசாரியர்களில் ஒருவரான ரேணுகாசாரியர் இந்தக் கோயில் லிங்கத்தில் இருந்து தோன்றினார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கோயில் வளாகத்தில் சுற்று வட்டாரத்தில் கிடைத்த சிலைகளையும் கல்வெட்டுகளையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூக்கு உடைந்த துவாரபாலகர்களும் நந்திகளும் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

சற்றுத் தொலைவில் சமணர்களின் பெரிய யாத்திரைத் தலம். முதல் தீர்த்தங்கரரான ரிஷபநாதருக்கும் மகாவீரருக்கும் சந்நிதிகள் உண்டு. மகாவீரர் திருமேனி ஒரே பச்சைக் கல்லில் ஆனது. வடநாட்டில் இருந்தெல்லாம் வருகிறார்கள். வெளியே வந்தபோது மணி மூன்று. கொண்டுபோன புளியோதரையை ஒரு வேப்ப மரத்து நிழலில் சாப்பிட்டு முடித்தோம்.

மரத்தடியில்

ஆலேர் திரும்பும் வழியில் ஒரு கிராமத்தின் ஓரத்தில் நண்பர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "மாலை ஏற்றத்துக்கு நேரம் ஆகிவிட்டது, பார்க்கலாம் சார்" என்றார். அவர் குரலில் அப்படி ஓர் அவசரத்தை நான் கேட்டதே இல்லை.

ஏரிக்கரையில் இருபது, முப்பது பனைகள். அடியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கள் பானைகளை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார். உப்பலில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அப்பா, தாத்தா, முப்பாட்டன் எல்லாம் இதே மரங்களில் ஏறியவர்கள்.

"ரா தம்முடு, கூர்ச்சோ" என்று உட்காரச் சொன்னார் பெரியவர். இங்கே கௌடு என்றால் கள் இறக்கும் குலம். கையில் உள்ள கயிறு மோக்கு. மரத்தில் கட்டும் மண் பானை லொட்டி. அவர் தெலுங்கில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நண்பர் பதிலுக்குத் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். கலயம், கடிப்பு, பாளைக்கத்தி, தளைநார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மரத்தின் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் ஊறுவது அடைத்துக்கொள்ளும். மழை என்றும் பண்டிகை என்றும் இதற்கு விடுமுறை கிடையாது. சொட்டும் நீரில் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாமல் விட்டால் காற்றிலும் பானையிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கி விடும். அப்போது நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்து இருக்கும். மறுநாள் ஆனால் புளித்துக் காடியாகும். திராட்சை மதுவை ஆண்டுக் கணக்கில் பாதாள அறையில் வைக்கலாம். கள்ளுக்கு ஒரு நாள்தான் ஆயுள்.

பெரியவர் இடுப்பைச் சுற்றி மோக்கைப் போட்டு, முதுகை அதில் சாய்த்துக்கொண்டு ஏறினார். "எங்கள் ஊரில் இப்படி இல்லை. காலில் தளை மட்டும்தான். நெஞ்சை மரத்தில் கொடுத்து ஏறுவார்கள். நெஞ்சு முழுவதும் காய்த்துப் போயிருக்கும்" என்றார் நண்பர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"என் அப்பா பனையேறி சார்."

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பக்கத்து மேஜை. ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறோம். அவருடைய அப்பா விவசாயம் செய்தார் என்றுதான் எனக்குத் தெரியும். தினமும் முப்பது மரம், காலையும் மாலையும். அம்மா பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி போடுவார். அந்தக் காசில்தான் மகன் படித்தார். ஒரு பங்குனி மாதத்தில் மட்டை வழுக்கி அப்பா விழுந்தார். அதன் பிறகு எழுந்து நடக்கவில்லை. மகன் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் குமாஸ்தா வேலைக்கு வந்தார். அப்பா என்ன செய்தார் என்று கேட்டவர்களிடம் எல்லாம் விவசாயம் என்றே சொல்லி வந்தார்.

பெரியவர் இறங்கி வந்தார். காட்டமய்யா என்ற தங்கள் குலசாமியின் பெயரைச் சொல்லிச் சில துளிகளைத் தரையில் தெளித்தார். பிறகு பனையோலைப் பட்டையில் ஊற்றி நீட்டினார். அன்று இறக்கிய கள். இனிப்பும் இலேசான புளிப்பும் கலந்திருந்தது. நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் நாட்டில் கள் கிடையாதாமே! அப்படியானால் பனையேறி என்ன செய்வான்?" என்று பெரியவர் கேட்டார். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பதநீர் மட்டும் இறக்கலாம். "பாதிப் பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், அண்ணா. மீதிப் பேருக்கு வயதாகிவிட்டது" என்றார் நண்பர்.

மகனின் கேள்வி

இங்கே தடை இல்லை. பனையேறிகளுக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு, லைசென்சு உண்டு. விழுந்து இறந்தால் அரசு உதவித் தொகை உண்டு. 2024 ஜூலையில் மரம் ஏறுவோருக்குப் பாதுகாப்புக் கவசப் பட்டைகள் வழங்கும் திட்டத்தையும் அரசு தொடங்கியது. அதற்குக் காட்டமய்யாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஐதராபாத் நெக்லஸ் ரோட்டில் 2023-ல் நீரா கபே திறந்தார்கள். நீரா என்பது நம் பதநீரைப் போலப் புளிக்காத சாறு.

இவ்வளவு இருந்தும் மகன் மரம் ஏறுவதில்லை. "காலை நாலு மணிக்கு எழ வேண்டும். விழுந்தால் போச்சு. பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். ஆபீசில் கூட நான் சொல்வதில்லை" என்றான் அவன்.

நண்பர் அவனை அருகில் அழைத்தார். "நீ ஏற வேண்டாம் தம்பி. உன் அப்பாவும் அதை விரும்ப மாட்டார். ஆனால் அவர் ஏறினார் என்று சொல்ல வெட்கப்படாதே. நான் வெட்கப்பட்டேன். என் அப்பா போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இனி யாரிடம் போய்ச் சொல்ல?" என்றார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் கயிற்றைச் சுருட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நகரத்துக் கள் வேறு

இதைப் படித்துவிட்டு நகரத்துக் கள் கடைக்குப் போய்விடாதீர்கள். குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஐதராபாத் நகரத்துக் கள் கடைகள் 2004-ல் மூடப்பட்டன. 2014-ல் மறுபடியும் திறக்கப்பட்டன. நகரத்தின் தாகத்துக்கு ஈடாக மரங்கள் இல்லை. மரம் கொடுக்காததை மருந்து கொடுக்கிறது. சர்க்கரைத் தண்ணீரில் ஆல்பிரசோலம், குளோரல் ஹைடிரேட் போன்ற தூக்க மருந்துகளைக் கலந்து கள் என்று விற்கும் கொடுமை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2025 ஜூலையில் கூகட்பள்ளிப் பகுதியில் இப்படிக் கலப்படக் கள் குடித்த பலர் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் உயிர் இழந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள்.

இந்த மருந்துக்குப் பழகியவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரும். அப்படி யாருக்காவது வந்தால் பயந்து மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் மாலையில் களைப்புத் தீர இந்தக் கடைகளுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

"நான் ஒரு நாளில் இறக்குவது இந்தப் பானைகள்தான். நகரத்தில் லாரி லாரியாகக் கள் விற்கிறதென்றால் அது எந்த மரத்துக் கள்?" என்று பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

போக விரும்புவோருக்கு

வெயில் ஏறும் முன் போங்கீர் பாறையில் ஏறி இறங்கிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் போகாமல் இருப்பது நல்லது. மழை நாளில் பாறை வழுக்கும். குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். தேய்ந்த செருப்போடு ஏறாதீர்கள். குழந்தைகளை விளிம்புக்குப் போக விடாதீர்கள். ரெயிலைத் தவறவிட்டால் கவலை வேண்டாம், உப்பலில் இருந்து வாரங்கல் சாலையில் பஸ்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஆலேரிலும் ரெயில் நிலையம் உண்டு என்பதால், திரும்பும்போது போங்கீர் வரை வர வேண்டியதில்லை.

நாங்கள் ஆலேரில் மாலை வண்டி பிடித்தோம். நண்பரின் மடியில் ஓலையில் சுற்றிய நுங்கு போல ஏதோ இருந்தது. என்னவென்று கேட்டேன். பெரியவர் கொடுத்த தேய்ந்துபோன பழைய பாளைக்கத்தி. "இது வேண்டும் என்று நானேதான் கேட்டேன்" என்றார்.

மறுநாள் காலை அது அவருடைய மேஜைமேல் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "என்ன இது?" என்று மானேஜர் கேட்டார்.

"எங்கள் அப்பா செய்த தொழில் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் லெட்ஜரைத் திறந்தார்.